டிரேயில் நான் செய்த தில்லுமுல்லு

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஸ்கூட்டருக்கான சின்னச் சின்ன இரும்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயில். வெட்டிய தகடு ஒன்றை எடுத்து அச்சில் வைத்து, காலால் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கி அதை வளைக்கும். எடு, வை, மிதி. சாயங்காலம் வரை இதேதான்.

ஒருநாள், இந்த வேலையைத் தானாகச் செய்ய மெஷின் வரப்போவதாகச் சொன்னார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினைச் செய்யப்போகிற இன்ஜினீயர், நான் வேலை செய்வதைப் பார்க்க வருவதாக இருந்தது. வெட்டிய தகட்டின் விளிம்பில் ஒரு பக்கம் சொரசொரவென்று பிசிறு இருக்கும். அது மேலே இருக்கும்படி வைக்காவிட்டால் வளைகிற இடத்தில் விரிசல் விடும். எடுக்கும்போதே கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்பி வைப்பது என் பழக்கம். அன்று சீக்கிரமே போய், டிரேயில் இருந்த அத்தனையையும் பிசிறு மேலே வரும்படி அடுக்கிவிட்டேன். என் வேகத்தைப் பார்த்தால் மெஷினே வேண்டாம் என்று போய்விடுவார் என்று நினைப்பு.

அவரோ, நான் தடவாமல் திருப்பாமல் மளமளவென்று வைப்பதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போய், பார்த்தது போலவே மெஷினைச் செய்துகொண்டு வந்து நிறுத்தினார். அது எதைத் தடவிப் பார்க்கும்? வந்ததை வந்தபடி தள்ளியது. பாதிக்குப் பாதி விரிசல். மூன்று நாள் அந்த மனிதர் சாப்பிடக்கூடப் போகாமல் அச்சைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நான் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது நாள் மெஷினை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். மதியம் சாப்பிடும்போது பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்யும் அக்கா, "நல்லவேள, உன் வேல தப்பிச்சுது" என்று சந்தோஷப்பட்டார். முந்தைய வருஷம் ஒரு நொடி அசந்ததில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை பிரஸ் காவு வாங்கியிருந்தது. மிச்ச மூன்று விரலால் சாம்பார் சாதத்தைத் திரட்டுவார், அது வழியும், மறுபடி திரட்டுவார். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

நேராக இன்ஜினீயரிடம் போய் நின்றேன். "சார், அன்னிக்கு நீங்க பாத்தது நெசம் இல்ல சார். எல்லாத்தையும் நான் முன்னாடியே திருப்பி வெச்சுக்கினேன்" என்றேன். வேலை போனதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் ஒரு தகட்டை நீட்டி, "எப்படிம்மா கண்டுபிடிக்கிற? காட்டு" என்றார்.

காட்டினேன். தைரியம் வந்து, "வெட்டுற மெஷின்லேந்து கூடையில கொட்றதாலதான் சார் கலந்து போவுது. ஒரே பக்கமா வழுக்கிக்கினு வந்தா?" என்றும் கேட்டேன்.

ஒரு வாரத்தில் தகரத்தில் ஒரு சறுக்குப் பாதை செய்து இரண்டு மெஷினுக்கும் நடுவில் மாட்டினார். விரிசல் நின்றது. "இந்தப் பொண்ணு இல்லாம இந்த மெஷின் ஓடாது" என்று முதலாளியிடம் அவரே சொன்னார். அச்சுக்குள் கை விடாமல் அதை ஓட்டும் வேலை எனக்கே கிடைத்தது. அடுத்த வருஷம் அக்காவின் பிரஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பத்து விரலோடு நான் ஓய்வு பெற்றேன் என்றால், நாலாவது நாளாவது வாயைத் திறந்ததுதான் காரணம்.