கனவு நோட்டில் ஒரு நிகழ்காலம்

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் செண்பகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். குலசேகரன்பட்டினத்தில் தசராக் கூட்டம் கலைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நனைந்த குடையை வாசலிலேயே சாய்த்துவிட்டு, முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினாள்.

“அம்மா, நான் இங்கன அங்கன்வாடி டீச்சர். நீங்க தமிழ் படிச்சுக் குடுத்தவியன்னு சொன்னாவ. இதுல பிழை இருந்தா திருத்தித் தரணும். சூப்பர்வைசர் மேடம் வந்து பாத்துட்டு, பிள்ளையளுக்கு முன்னால வச்சே ஏசிட்டுப் போயிட்டாவ.”

முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் கற்பித்த கை, பிழை என்றதுமே சிவப்புப் பேனாவைத் தேடியது.

‘குழந்தைகளின் கனவு’ என்று முதல் பக்கத்தில் தலைப்பு இருந்தது. மேலிடத்திலிருந்து எழுதச் சொன்னது, எந்தக் குழந்தை மருத்துவராக விரும்புகிறது, எது காவலராக விரும்புகிறது என்பதை. செண்பகம் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. காலையில் சத்துமாவு உருண்டை கொடுக்கும்போது, இராத்திரி என்ன கனவு கண்டாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். ‘ஆடு எங்க டிவிய தின்னுட்டு.’ ‘நான் பறந்தேன், செருப்பு கீழ விழுந்துட்டு.’ ஒவ்வொன்றுக்கும் கீழே அவளுடைய கேள்வி ஒன்று: ‘கனவுல சாப்பிட்டியா?’

அதை எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

“வயிறு காஞ்சு படுத்த பிள்ளை கனவுல திங்கும்மா. மறுநாள் அதுக்கு ஒரு உருண்டை கூட வைக்கணும்லா.”

அரசாங்கம் கேட்டது எதிர்காலக் கனவை என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். “நாலு வயசுக்கு எதிர்காலம்னா, நாளைக்கு முட்டை உண்டுமாங்கதுதாம்மா.”

மருத்துவர், காவலர் பட்டியலைத் தனித்தாளில் எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்தாள். ஆனால், அந்த நோட்டை நிறுத்தவில்லை. சனிக்கிழமைதோறும் கொண்டுவருவாள், நான் திருத்துவேன், திங்கட்கிழமை அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாள்.

செண்பகம் ஆத்தூரில் பிறந்தவள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் ஓடி வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். கணவர் முத்துச்செல்வம் பக்கவாதத்தில் விழுந்து, நான் அவளை அறிந்த காலம் முழுவதும் கட்டிலிலேயே இருந்தார். விடியுமுன் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். அதன்பிறகு பிள்ளைகளை எடை போடுவதும், கைபேசியில் பதிவதும், உடைந்த முட்டைக்குக் காரணம் சொல்வதும் இருந்தன. என் வீட்டு நாற்காலியில் அமர்ந்தால், எழுந்திருக்க இரண்டு முறை முயல்வாள்.

“உனக்கு என்ன கனவு வரும், செண்பகம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“படுத்தா விடிஞ்சிருதும்மா. நடுவுல ஒண்ணும் கெடையாது.”

2022ஆம் ஆண்டில் சண்முகப்ரியா என்னும் நான்கு வயதுப் பெண் அங்கன்வாடிக்கு வந்தாள். அவளுடைய தந்தை, தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் வேலை பார்த்தவர். அந்தத் தோணி மூழ்கியது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவர் சேரவில்லை. அன்றுமுதல் குழந்தை வாய் திறக்கவில்லை. செண்பகம் நாள்தோறும் அவளிடமும் கனவைக் கேட்டாள். ‘பிரியா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டாள். அப்படி எட்டு மாதம் வெற்று வரிகள்.

ஒருநாள் குழந்தை சொன்னாள்: “அப்பா வாராவ.”

மறுநாள், “தோணியில வாராவ.” அதற்கும் மறுநாள், “மணப்பாடு தாண்டி வாராவ.” மணப்பாடு எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்.

அந்தச் சனிக்கிழமை செண்பகம் அந்தப் பக்கத்தைத் திறந்தே நோட்டை நீட்டினாள். நான் மகிழ்ந்தேன், திருத்தவும் செய்தேன். கண்டு முடித்த கனவை இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். ‘வாராவ’ என்ற நிகழ்காலத்தை அடித்து, ‘வந்தார்’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை செண்பகம் வாசித்தாள்: “அப்பா மணப்பாடு தாண்டி வந்தார்.”

குழந்தை எழுந்து நின்றாள். “வரல்ல,” என்றாள். அதற்குப்பின் பேசவில்லை.

மறுநாள் அவளுடைய தாய் சுடலைச்செல்வி அங்கன்வாடிக்கு ஓடிவந்தாள். “பிள்ளை மறுபடியும் வாய மூடிட்டா டீச்சர். தண்ணி வேணும்னுகூடக் கேக்க மாட்டுக்கா.”

அன்று மாலை செண்பகம் என் வீட்டுக்கு வந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?

“வந்தாருன்னா முடிஞ்சுபோச்சுல்லாம்மா. வந்தவரு எங்கன்னு பிள்ளை வீட்டுல தேடும். வாராவன்னா இன்னும் வழியிலதான இருக்காவ.”

அடித்து எழுதித் தருகிறேன், நோட்டைக் கொடு என்றேன்.

“நாளைக்கு நீங்களே வந்து வாசிச்சிருங்க. திருத்துனது யாருன்னு அவகிட்ட சொல்லிட்டேன்.”

சென்றேன். நான் எழுதியதைப் பிரியாவின் கண்முன்னே அடித்துவிட்டு, “அப்பா மணப்பாடு தாண்டி வாராவ,” என்று வாசித்தேன். குழந்தை என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செண்பகம் மறுபடியும் வெற்று வரி விட்டாள். ஒன்பதாம் நாள் அந்த வரி நிரம்பியது: ‘ஆலந்தலைகிட்ட வாராவ.’

“நம்ம ஊரத் தாண்டிப் போயிட்டாவளே, ஏளா?” என்றாள் செண்பகம்.

“தூத்துக்குடியில சரக்க எறக்கிட்டுல்லா வீட்டுக்கு வருவாவ,” என்று குழந்தை அவளை அதட்டினாள்.

பிரியா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பின்பும், போகிற வழியில் அங்கன்வாடி வாசலில் நின்று கனவைச் சொல்லிவிட்டே போவாள். தோணி இன்னும் துறைமுகத்தை அடையவில்லை. அடைந்துவிட்டால் அவளிடம் என்ன சொல்வது என்று செண்பகத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

2025 பங்குனியில் செண்பகத்தைத் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். நான் பார்க்கச் சென்றபோது, நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. அதை என் மடியில் வைத்தாள். அதுவே எங்கள் கடைசிச் சந்திப்பு.

“காலையில பிரியா வந்து நிப்பா. நீங்க போய்க் கேட்டு எழுதுங்க.”

சரி என்றேன். பிரியா சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன் என்றும் சொன்னேன். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். உறங்கிவிட்டாள் என்று எண்ணி எழுந்தேன். என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

“எல்லாப் பிள்ளையள்ட்டயும் கேக்கத அவகிட்ட மட்டும் கேக்காம விட்டுட்டேம்மா. எங்கன வாராவ, எங்கன வாராவன்னே கேட்டுட்டிருந்தேன். கனவுல அப்பா சாப்பிட்டாவளான்னு ஒரு வார்த்த கேளுங்க.”