கபாலி மறைத்த குமிழி

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். மெல்லிய பித்தளைத் தகட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கினால் வளைந்துவிடும். அதனால், குழாய் வழியே காற்றை உறிஞ்சித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பலகை ஒன்றை நானே செய்தேன். அதன் விளிம்புக்கு ரப்பர் வளையம் வெட்டித் தந்தவர் தெருமுனை சைக்கிள் கடைக் கபாலி.

பலகை பிடிக்கவேயில்லை, எங்கோ காற்று கசிந்தது. பலகையும் தகடுமாக நேரே கடைக்குப் போய், நாலு பேர் எதிரில், "ஓட்டை ரப்பரை என் தலையில கட்டிட்டியே!" என்று கத்தினேன்.

அவர் தகட்டைப் பலகைமேல் அழுத்திப் பிடித்து, பஞ்சர் பார்க்கும் தொட்டியில் முக்கி, என்னைக் குழாய் வழியே காற்றடிக்கச் சொன்னார். ரப்பர் பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. குழாயை நான் ஈயம் வைத்து ஒட்டிய இடத்தில்தான் கொப்பளித்தது.

கபாலி சட்டென்று அதைக் கட்டைவிரலால் மூடினார். "லீக்கு ஈயத்துல கீது சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு உரக்க, "ரப்பர் பழசுதான் சார், வேற தரேன்" என்றார்.

என் மானத்தைக் காத்தவரிடம் நான் சொன்னது: "இனிமேலாவது பார்த்துக் குடு."

ஈயத்தைத் திருத்தியதும் பலகை கச்சிதமாகப் பிடித்தது, அதே பழைய ரப்பரோடு. அவர் தந்த புது ரப்பரைத் திருப்பிக் கொடுக்கப் பலமுறை கிளம்பி, தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.