ஈரத்துக்குக் கழித்தவர்

இன்று காலை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பொகவந்தலாவையில் வெயிலை நம்பித் துணிகூடத் துவைக்க முடியாது. ஆனாலும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பால்மா டின்னை எடுத்து, அதிலிருந்த காய்ந்த மிளகாயைச் சுளகில் கொட்டி, கடைக்கு முன்னால் இறங்கியிருக்கும் தகரத்தின் மேல் வைத்தேன். இரண்டு கைப்பிடி இருக்கும். நிறம் மங்கிப் போய்விட்டது. சிலதுக்குக் காம்பு இருக்கிறது, சிலதுக்கு இல்லை. இந்த மலைப் பனிக்கு எல்லாமே பூசணம் பிடிக்கும் என்பதால், வெயில் காணும்போதெல்லாம் காயப்போட்டு, சூடு ஆறியதும் திரும்ப டின்னில் போட்டு இறுக்கி மூடிவிடுவேன். சம்பலுக்கு மிளகாய் தீர்ந்துபோன நாளில்கூட என் மனைவி இந்த டின்னைத் தொடமாட்டாள். கடைக்கு வருகிறவர்கள், "என்னண்ணே, பழைய மொளகாய இப்பிடிப் பொத்திப் பொத்தி வக்கிறீங்க?" என்று கேட்பார்கள். அம்மனுக்கு நேர்ந்தது என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். யாருக்காக நேர்ந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயரைச் சொல்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, ஒரு நேரமும் இருக்கிறது. அதுவரை அது என் வாய்க்குள்ளேயே கிடக்கட்டும்.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவதும், சாயந்தரம் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுப்பதும் அவர் வேலை. நிறுக்கும்போது ஒவ்வொரு சாக்கிலும் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார். மழை நாளில் கழித்தால் யாரும் பேசமாட்டார்கள். தண்ணீர் சொட்டும் கொழுந்து கனக்கத்தான் செய்யும். இவர் மண்டை பிளக்கும் வெயிலிலும் கழித்தார். என் அம்மா ஒருநாள் வாய் திறந்து கேட்டிருக்கிறாள், "வெயில் இப்பிடிக் காயுதுங்களே ஐயா, எங்க இருந்து வந்துச்சு ஈரம்?" என்று. அவர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன் வேர்வைதான்" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு வந்தாள். லயத்து வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லும்போது சிரிப்பில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன் கையை முகர்ந்து பார்த்தாள். அந்த முகரலை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடாது என்று வைத்திருக்கும் சிலவற்றில் அதுவும் ஒன்று.

அம்மா போன பிறகு என் தம்பியை நானும் என் மனைவியும்தான் வளர்த்தோம். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. நான் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இந்தத் தேத்தண்ணிக் கடையைப் போட்டேன். கணக்கப்பிள்ளையும் வேலையிலிருந்து ஓய்ந்து, தினமும் காலையில் என் கடைக்கு வர ஆரம்பித்தார். ஐயா என்று எழுந்து நின்றுதான் நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். பழக்கம் அப்படி.

கடையில் ஒரு டீவி இருந்தது. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு அதுதான் பூசை மாதிரி. நம் நாட்டிலேயே சண்டை நடந்த காலத்தில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று பேசுவதென்றால் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும். இது வேறு யாரோ சாகிற சண்டை. கடை முழுக்கக் கேட்கும்படி பேசலாம். சம்பலுக்குக் காம்பு கிள்ளுவதற்கென்று என் மனைவி ஒரு தட்டு நிறைய மிளகாய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் எழுந்து வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் மேசையில் பரப்புவார். காம்புள்ளது ரஷ்யாக்காரன், காம்பு கிள்ளியது உக்ரைன்காரன். ஒரு மிளகாய் பத்தாயிரம் ஆள். சீனி டப்பா ஒரு பட்டணம், கரண்டி ஓர் ஆறு. எதிரே எங்கள் பஸ் டைம்கீப்பர் உட்கார்ந்து மறுத்துப் பேசுவார்.

"ஐயா, நீங்க நேத்திலேருந்து கொன்ன கணக்கப் பாத்தா, அந்த நாட்டுல இப்ப அடுப்பு ஊதக்கூட ஆள் இருக்காதே?"

"ஏய்யா, பஸ் வந்ததும் போனதும் ஒன் வேல. ஆள் கணக்க எங்கிட்ட விடு. இவன் செத்ததுல அவன் சொல்றது ஈரக் கொழுந்து. கழிச்சுக்கணும். தன் ஆளு செத்தத தானே சொல்றான் பாரு, அது சாக்குல அமுக்கி வச்ச கொழுந்து. அதுக்குக் கூட்டிக்கணும். கழிச்சுக் கூட்டினா நெசம் வந்துரும்."

"காயப்பட்டவன எதுல போடுவீங்க?"

"செத்தவன் ஒருத்தன்னா காயம் மூணு பேரு. அதுல ஒருத்தன் திரும்பவும் துவக்கத் தூக்கிச் சுடுவான். மத்த ரெண்டு பேரையும் தள்ளிரு."

"அப்ப காணாமப் போனவன்?"

"அவன் ஒரு கணக்குலயும் வரமாட்டான்யா. ரெண்டு பக்கமும் அவன எண்ணாது."

அப்படிச் சொல்லிவிட்டுச் செத்த மிளகாய்களைப் புறங்கையால் தரையில் தள்ளுவார். உயிரோடிருப்பதை நெருக்கி அடுக்குவார். ஒருவன் மாதத்துக்கு எவ்வளவு ஆளைப் புதிதாகச் சேர்க்கிறான், அது விழுகிறவர்களின் இடத்தை நிரப்புமா, இன்னும் எத்தனை மாதம் தாங்குவான் என்று இருவரும் குரல் உயர்த்தி வாதாடுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கும் சனம் சுற்றி நின்று கேட்கும். எனக்கும் அது பொழுதுபோக்காகத்தான் இருந்தது. வடை நன்றாக விற்றது.

என் தம்பி ஹட்டனில் ஒரு ஹோட்டலில் ரொட்டி போடும் வேலை செய்தான். ஒருநாள் வந்து, வெளிநாட்டில் ஒரு முகாம் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது, தெரிந்த ஆள் ஒருவர் கொழும்பில் பேசிவிட்டிருக்கிறார் என்றான். யார் என்று கேட்டேன். போய் இறங்கும் வரை வெளியில் சொன்னால் வேலை கெட்டுப்போகும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் அண்ணே என்றான். அண்ணியின் காலில் விழுந்துவிட்டுப் போனான். முதலில் பேசியபோது குளிரைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். "நம்ம மலைக் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே, இங்க மூச்சு விட்டா மீசை ஒறையுது." அடுத்த முறை குரல் சின்னதாக இருந்தது. "உடுப்புக் குடுத்திருக்காங்கண்ணே. சமையல்காரனுக்கு எதுக்குண்ணே ஹெல்மெட்?" நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்த நம்பர் ஒலிக்கவே இல்லை.

கணக்கப்பிள்ளை தினமும் வடையைப் பிட்டுக்கொண்டே, "தம்பி பேசினானா?" என்று கேட்பார். என் துக்கத்தைக் கேட்க ஒரு பெரிய மனிதர் இருக்கிறாரே என்று நான் மனமுருகி, இல்லை ஐயா என்பேன். "பேசுவான், பேசுவான்" என்று சொல்லிவிட்டு மிளகாய்ப் பக்கம் திரும்புவார். அந்த நாட்களில் அவருடைய தேத்தண்ணிக்கு நான் ஒரு கரண்டி பாலை அதிகமாகவே போட்டிருக்கிறேன்.

கொத்மலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஈரக் குடையோடு வாசலில் நின்று, இங்கே தேத்தண்ணி குடிக்க வரும் கணக்கப்பிள்ளை ஐயா யார் என்று கேட்டாள். டைம்கீப்பர் கையைக் காட்டினார். அவர் அப்போதுதான் ஒரு பெரிய தாக்குதலை முடித்து, ஒரு குவியலைத் தரையில் தள்ளியிருந்தார்.

"என்னங்கையா வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்லம்மா, யுத்தம்."

அவள் மேசையில் மிச்சமிருந்த மிளகாய்களைக் காட்டினாள். "இதுல எங்க பிள்ளைங்க எந்தப் பக்கம் ஐயா?"

"யாரு பிள்ளைங்க?"

"நீங்க அனுப்புன பிள்ளைங்கதான். எம் மகனும், இந்த ஊருக் கடைக்காரரு தம்பியும் ஒரே பிளேன்ல போனாங்கன்னு கொழும்பு ஆபீஸ்ல சொன்னாங்க. ரெண்டு பேரையும் நீங்கதான் கூட்டியாந்து விட்டீங்களாமே. எம் மகன் பேசிப் பல மாசம் ஆச்சுங்கையா. எந்தப் பக்கத்துக்குக் குடுத்தீங்கன்னாவது சொல்லுங்க."

டைம்கீப்பர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. தராசுக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே முகம். "பயப்படாதீங்கம்மா. அங்க எத்தன லச்சம் பேரு நிக்கிறான். அதுல நம்மாளு ரெண்டு பேரு. மொத்தத்துல வச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. மொத்தத்தப் பாருங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார் போல. என் அம்மாவின் கொழுந்தைக் கழித்த வாய், என் தம்பியையும் ஈரத்துக்குக் கழித்துவிட்டது. கொதிக்கும் கேத்தல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், அதன் பிடியில் கை வைத்தேன். பிறகு விட்டுவிட்டுக் குனிந்து, தரையில் அவர் தள்ளிய மிளகாய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். கூட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு வசதியாக அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

பொலிசில் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். கொழும்புக்குப் போனோம். ஆபீஸ் இருந்த இடத்தில் பலகையைக் காணவில்லை. கணக்கப்பிள்ளை தான் வழி காட்டியதோடு சரி, பிள்ளைகள் விரும்பித்தான் போனார்கள் என்றார். மனிதர்களிடம் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், நானும் கொத்மலை அம்மாவும் காளி கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அநியாயம் செய்தவனுக்கு மிளகாய் அரைப்பார்கள். குளித்து ஈரத்துணியோடு கோயில் அம்மியில் காய்ந்த மிளகாயை அரைத்து, அவன் பெயரையும் அவனுக்கு என்ன நடக்கவேண்டும் என்பதையும் சொல்லி, அந்த விழுதைக் காளியின் மேல் சாத்தவேண்டும். அந்த எரிச்சல் ஆறும்வரை தாய் அவனைத் தேடுவாள். நான் கொண்டுபோனது அவர் தள்ளிய அதே மிளகாய். அம்மியில் கொட்டிக் குழவியைப் பிடித்தேன். இவ்வளவு சந்தோசமாக நான் எந்தப் பூசைக்கும் உட்கார்ந்ததில்லை.

"பேரச் சொல்லு. என்ன குத்தம், என்ன கேக்குற?" என்றார் பூசாரி.

"என் தம்பி உயிருக்கு..." என்று தொடங்கினேன்.

கொத்மலை அம்மா பாய்ந்து குழவியைப் பிடித்தாள். "நிறுத்துங்கண்ணே! உயிருக்கு உயிருன்னு கேட்டா, போயிருச்சுன்னு நாமளே தாய்கிட்ட ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிரும். எம் மகன் சாகல. ஒங்க தம்பியும் சாகல."

"அந்தம்மா சொல்றது சரிதான். இங்க கேட்டா கேட்டதுதான். திருப்பி எடுக்க ஏலாது. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் பூசாரி.

ஈரத்துணியோடு வெளியே வந்து நின்றேன். மன்னித்துவிட்டு வரவில்லை. மன்னிப்பு என்ற எண்ணம் இன்றுவரை என் பக்கம் வந்ததே இல்லை. பழியைக் கேட்டால் தம்பியைக் கொன்றவனாகிவிடுவேன், கேட்காவிட்டால் அவர் வடை தின்றுகொண்டே இருப்பார். மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு வந்து டின்னில் போட்டேன்.

பிறகு எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அவருக்கு வயதாகிவிட்டது. தம்பியின் செய்தி வருவதற்குள் அவர் பாட்டுக்குப் படுத்த படுக்கையில் போய்விட்டால்? அன்றிலிருந்து காலையில் கற்பூரம் ஏற்றும்போது, தம்பிக்கு அடுத்தபடியாக அவருக்கும் ஆயுள் கேட்கிறேன். நோய் நொடி அண்டாமல், புத்தி மங்காமல், காது கேட்டு, கண் தெரிந்து இருக்கவேண்டும் தாயே என்று. அவருடைய பிள்ளைகள்கூட இப்படி வேண்டியிருக்கமாட்டார்கள்.

மூச்சு முட்டி டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தபோது பஸ் பிடித்துப் போனேன். கஞ்சி கொண்டுபோய்க் கரண்டியால் ஊட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர், எவ்வளவு பெரிய மனசு என்றார். கணக்கப்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "ஐயா நல்லா இருக்கணும். எந்தம்பி வந்தா நீங்க அவன் முன்னால நிக்கணும். வராட்டி காளி முன்னால நிக்கணும். அதுவரைக்கும் ஒங்கள நான் சாகவிடமாட்டேன்."

கஞ்சி அவர் உதட்டிலேயே நின்றது. காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "கொஞ்சம்... கழிச்சுக்கய்யா."

"வெளியில நல்ல வெயில் ஐயா" என்றேன். மிச்சக் கஞ்சியையும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.

பிழைத்து வந்துவிட்டார். இப்போது என் கடைக்கு வருவதில்லை. கைத்தடியோடு எதிர்ப்பக்க ஓரமாகப் போகிறார். சண்டை இன்னும் ஓயவில்லை. டீவியில் இன்னும் இவர்கள் ஒரு கணக்கு, அவர்கள் ஒரு கணக்கு. டைம்கீப்பர் அதைப் போடவிடுவதில்லை. கொத்மலை அம்மா வெள்ளிக்கிழமைகளில் என் மனைவியோடு போனில் பேசுவாள். இரண்டு பக்கமும் எண்ணாதவர்களை அவர்கள் இருவரும் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

இன்று காலை அவர் போகும்போது இருமல் கேட்டது. சுளகைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "செய்தி ஏதும்...?" என்றார். "இன்னும் இல்லீங்க ஐயா. பனியில நிக்காதீங்க" என்றேன். மனைவியிடம் சொல்லிக் கொத்தமல்லி அவித்து, சுடச்சுட அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பிறகு சாமிக்கு முன்னால் நின்று இரண்டு பேருக்கும் ஆயுள் கேட்டுக் கற்பூரம் ஏற்றினேன். மேகம் இறங்குவதற்குள் சுளகை உள்ளே எடுத்தேன். ஒரு மிளகாயை விரலால் வளைத்துப் பார்த்தேன். சடக்கென்று ஒடிந்தது. ஒடிந்த இரண்டு துண்டையும் சேர்த்தே டின்னில் போட்டு மூடினேன்.