இல்லை என்று ஒரு சொல்

பெரியகல்லாற்றில் தோணியில் மீன்பிடிக்கும் ஒருவர், நான் தாதியாக வேலைசெய்த மூட்டுவாத கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை மனைவியைக் கூட்டிவருவார். வெயிலில் கறுத்த ஒடிசலான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் பீடிக்கட்டு இருக்கும். மனைவியின் விரல்கள் கோணிப்போயிருந்ததால், தேநீரைத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவரே பருக்கிவிடுவார்.

ஒருநாள் டாக்டரிடம், இந்த மூட்டு வருத்தம் ஏன் வருகிறது என்று கேட்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, அது ஏன் தொடங்குகிறது என்று இன்னும் ஆராய்கிறார்கள், பரம்பரை, புகை என்று பல காரணங்கள் சேரலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்தார்.

“மிஸ், இவ பீடி தொட்டதே இல்ல. முப்பது வருசமா நான்தான் வீட்டுக்குள்ள குடிச்சன். எண்ட புகையாலதானா?”

“அப்படி உறுதியாச் சொல்லேலா ஐயா.”

“அப்ப, இல்லை எண்டு சொல்லுங்க.”

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் பீடியை விட்டுவிட்டு வந்தார். மருந்தில் மனைவிக்கு வலி குறைந்திருந்தது, விரல்கள் நிமிரவில்லை.

“இவருக்கு என்ன நடந்ததோ தெரியா மிஸ்,” என்று அந்த அம்மா சிரித்தார். “இப்ப வீட்டுக்குள்ள படுக்க வாறாரில்ல. வாசல்லதான் படுக்கிறார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கேட்டபோது நான் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் நினைக்கிறேன்.