ஏழுமலையின் சத்தியம்

ஏழுமலை ஒரு நாளும் சிகரெட் பிடித்ததில்லை. பிடித்தவன் நான். அவன் பிடிப்பான் என்று அவன் மனைவியிடமும் டாக்டரிடமும் பொய் சொன்னவனும் நானேதான்!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னை நல்லவன் என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் குமட்டுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்... திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரகடத்தில் காருக்குப் பம்பர் செய்யும் கம்பெனி எங்களுடையது. நானும் ஏழுமலையும் பெயிண்ட் பிரிவு. நான் நாங்குநேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஒரு வாடகை அறையில் ஆறு பேரோடு படுத்துக் கிடந்தவன். அவன் பென்னலூர்க்காரன். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய்ச் சோறு போடுவான். அவன் மனைவி தேவகி என்னை அண்ணா என்பாள். ஆறு வயது மகள் யாழினி என் முதுகில் ஏறிக்கொள்வாள்.

எங்கள் பிரிவில் பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை எப்போதும் நிற்கும். ஒரு தீக்குச்சிகூட உள்ளே வரக்கூடாது. லாக்கர்கள் போதாததால் இருவருக்கு ஒன்று; எனக்கும் அவனுக்கும் ஒன்று. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஒரு காலை, செக்யூரிட்டி எல்லா லாக்கர்களையும் திறந்து பார்த்தார்கள். எங்களுடையதில் ஒரு சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் இருந்தன.

அந்த மாதம்தான் என்னை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். டிரெய்னிக்கு மெமோ என்றால் நேரே கேட்டுக்கு வெளியேதான். நான் ஏழுமலையைப் பார்த்தேன். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை... பார்த்தேன், அவ்வளவுதான். கேட்காமல் கேட்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன் யார்!

"என்னுதுதான் சார்" என்றான் ஏழுமலை.

வெளியே டீக்கடையில் என் தோளைத் தட்டினான். "நானு பர்மனன்ட்டு. எனுக்கு இன்னா, மூணு நாளு சஸ்பென்ஷனு. உன்னத் தொரத்திடுவானுங்க. வுடு மச்சான்."

அப்போதும் என் விரலிடுக்கில் ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது. வழக்கம்போல் அவன் என் புகைக்குள் நின்று டீ குடித்தான்.

தேவகியின் அண்ணன் எங்கள் லைன் சூப்பர்வைசர். அவர் வழியாகச் செய்தி அவனுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. தேவகியின் அப்பா சுருட்டுப் பிடித்து, இருமி இருமிச் செத்தவர். புகைக்கும் பழக்கம் இல்லாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று சொல்லி ஏழுமலையைக் கட்டிக்கொண்டவள் அவள். அன்று மாலை நானும் அவனுடன் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

ஏழுமலை யாழினியை அருகே இழுத்து அவள் தலையில் கை வைத்தான். "கொயந்த மேல சத்தியமா சொல்றேன். நான் புடிக்கல."

தேவகி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. இவுரு புடிக்கிறாரா, இல்லியா?"

ஏழுமலையும் என்னைப் பார்த்தான். பயமே இல்லாத பார்வை. கம்பெனியில்தான் அவன் என் பழியைச் சுமந்தான். வீட்டில் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருந்தான். ஆனால் அவளிடம் சொன்னால் விடிவதற்குள் அவள் அண்ணன் காதுக்குப் போய்விடும்...

"இப்பம் ரொம்பக் கொறச்சிட்டான் தங்கச்சி" என்றேன்.

கொறச்சிட்டான்! பொய்யிலும் எத்தனை கரிசனம் பாருங்கள்!

தேவகி குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பெற்றவன் பொய்ச் சத்தியம் செய்தால் அது பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று அவள் நடுங்கினாள். "இனிமே இவ தலமேல கைய வெக்காத" என்றாள். அவன் வைக்கவில்லை. பள்ளிக்கு அனுப்பும்போதும், பிறந்தநாளிலும், காய்ச்சலிலும் வைக்கவில்லை. கை தலைவரை போகும், பிறகு தோளில் இறங்கிவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஏன் மச்சான் அப்டி சொல்ட்ட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"பர்மனன்ட் ஆர்டர் கைக்கு வரட்டும். நானே வந்து தங்கச்சிகிட்ட சொல்லுதேன்" என்றேன்.

ஆர்டர் வந்தது. நான் போகவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்றேன். பிறகு, இப்போதுதான் சண்டை ஓய்ந்திருக்கிறது, கிளறுவானேன் என்றேன். அப்படியே இரண்டு ஆண்டுகள் போயின.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. பெயிண்ட் வாடை என்றோம். மெலிந்தான். சென்னையில் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பார்த்து, நுரையீரல் புற்று என்றார்கள். எலும்புக்கும் பரவியிருந்தது. நாங்கள் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்ல சார்" என்றான் ஏழுமலை.

"பொய் சொல்றாரு டாக்டர்! கம்பெனில மெமோ குட்த்துகிறாங்க. இந்த அண்ணனக் கேளுங்க, கூடவே வேல செய்றவரு."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"உண்டு சார்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். அப்போது நான் நிரந்தரத் தொழிலாளி. அந்தப் பழைய பாக்கெட்டுக்காக என்னை யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. பிறகு ஏன் சொன்னேன்? வேலைக்காக முதலில் சொன்ன பொய்யை, தேவகி முகத்தில் முழிக்க முடியாதே என்ற வெட்கத்துக்காக இரண்டாவது முறை சொன்னேன். ஒரு மனிதனின் உயிரைவிட என் வெட்கம் பெரிதாக இருந்தது!

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. குனிந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான்.

அந்தக் கேள்வி எதற்காக என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டியின் மரபணுவைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அன்று அதை எல்லோருக்கும் எடுப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம், புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில்தான் அதிகம் இருக்குமாம். அது இருந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே கட்டி சுருங்க வாய்ப்பு உண்டாம். என் பதிலைக் கேட்டு டாக்டர் தாளில் 'புகைப்பவர்' என்று எழுதினார். சோதனைக்கு அனுப்பவில்லை. ஊசி மருந்து ஆரம்பமானது. ஐந்து மாதம் வாந்தியிலும் வாய்ப்புண்ணிலும் கிடந்தான். கட்டி சுருங்கவில்லை.

தேவகி எல்லாம் செய்தாள். கஞ்சி ஊட்டினாள், முதுகு தடவினாள். ஆனால் மன்னிக்கவில்லை. "நீயா தேடிக்கினது" என்று சொல்லிக்கொண்டே வாய் துடைத்துவிடுவாள்.

ஆறாம் மாதம் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். அவனைத் தனியாக விசாரித்தார், நம்பினார், மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். மாற்றம் இருந்தது! முடிவு வந்த அன்று தேவகி மருந்துக் கடையில் நின்றிருந்தாள். டாக்டர் என்னிடம் சொன்னார்: "இது பெரும்பாலும் புகைக்காதவங்களுக்கு வர்ற வகை. அவர் சொன்னது உண்மையாத்தான் இருக்கணும். அந்த அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க, பாவம், அவர் மேல கோபமா இருக்காங்க."

"சரிங்க மேடம்."

படியிறங்கி வந்து தேவகியிடம், "புதுசா ஒரு மாத்திர குடுத்திருக்காங்க தங்கச்சி" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மாத்திரை கேட்டது. எழுந்து நடந்தான், மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். நான்கு மாதம்... பிறகு மூளைக்குப் போய்விட்டது. முதலிலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா? முழுக்கக் குணமாகியிருக்காது என்றார் டாக்டர்; நல்ல நாட்கள் கூடியிருக்கும் என்றார். எத்தனை நாட்கள் என்று நான் கேட்கவில்லை. டீக்கடையில் அவன் நின்ற என் புகைக்கும் இதில் பங்கு உண்டா என்றும் கேட்கவில்லை. கோழைக்குக் கேள்வி எதற்கு!

கடைசி நாட்களில் பேச்சு குழறியது. யாழினி கட்டிலருகே வந்தால் கையைத் தூக்குவான். தேவகி மகளை மெல்லப் பின்னால் இழுத்துக்கொள்வாள். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் சிகரெட்டை விட்டேன். அவனுக்காக என்று ஊரில் பேச்சு. இல்லை, பயத்தில் விட்டேன்! அவன் கட்டிலில் நானே கிடப்பதாக நினைத்துப் பார்த்த பயம். விட்டதன் பலன் எல்லாம் எனக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. காலை இருமல் நின்றது. நாக்குக்கு ருசி திரும்பியது. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

சென்ற மாதம் கம்பெனியில் குடும்ப விழா. புகையை விட்டவன் என்று என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். சிகரெட்டை விட்டால் இதயத்தின் பாரம் குறையும், ஆண்டுகள் போகப் போக நுரையீரல் புற்றின் அபாயம் இறங்கும் என்று கம்பெனி டாக்டர் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் செத்த பிறகு எங்கள் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்த தேவகியும் தட்டினாள்.

கீழே இறங்கியதும் மகளோடு வந்தாள். யாழினிக்குப் பன்னிரண்டு வயது. அப்பனின் நெற்றி அப்படியே.

"அவுரும் உங்கள மாரி வுட்டிருந்தா இன்னிக்கி இருந்திருப்பாரு இல்லண்ணா?" என்றாள் தேவகி. பிறகு மகளை என் முன்னால் நிறுத்தினாள். "இவ அப்பா பொய் சத்தியம் பண்ண தல இது. எனுக்கு இன்னும் பயமா கீது. நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துற ஆளு... உங்க கையால ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணா."

யாழினி தலை குனிந்து நின்றாள்.

இப்போதாவது சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

ஏழுமலை மூன்று ஆண்டுகள் தொட முடியாமல் ஏங்கிய அந்தத் தலையில், நான் கை வைத்தேன். நல்லா இரும்மா என்றேன்.