ரோட்டோரத் தாழையும் சலேஹா அக்காவும்

கிழிந்த பட்டம் வந்தால் சலேஹா அக்கா முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். கண்ணாடி போடுவது, கிழிசலைத் தேடுவது எல்லாம் அப்புறம்தான். உப்பு வாடை அடித்தால் சுருட்டி வாசலிலேயே வைத்துவிடுவார். "நல்ல தண்ணியில அலசி, காயப்போட்டுக் கொண்டாங்க. என் மெஷினு துருப்பிடிச்சா நீங்களா வாங்கித் தருவீங்க?" கொண்டுவந்தவர் பொறியாளரானாலும் பல் டாக்டரானாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கத்தான் வேண்டும். லிஃப்ட் ஓடுகிற நாளில் லிஃப்டில் இறங்கலாம்.

இது பிள்ளைகள் நூல் கட்டி விடுகிற பட்டம் இல்லை. காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு வார், அந்த வாரிலிருந்து போகும் நீளமான கயிறுகளின் முனையில் ஒரு படுக்கையறை அகலத்துக்குப் பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் கடல்மேல் சறுக்கிக்கொண்டு போவார். பினாங்குத் தீவில் பத்து மாவுங் போகிற வழியில், பாலம் தெரிகிற ஒரு சின்ன மணல் கரையில், வருடக் கடைசிக் காற்று கிளம்பியதும் வாரா வாரம் இருபது முப்பது பேர் கூடிவிடுகிறார்கள். அவர்கள் அங்கே கிழிப்பதையெல்லாம் சுங்கை பினாங்கில் நான்காம் மாடி வீட்டில் உட்கார்ந்து அக்கா தைக்கிறார்.

ஆறு வருடத்துக்கு முன்பு வரை மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் பள்ளிச் சீருடையும்தான் அக்காவின் பிழைப்பு. கைப்பேசியைத் தட்டினால் தைத்த உடுப்பு வாசலுக்கே வந்து விழும் காலம் வந்ததும் அளவு கொடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு அக்கா டிவி பார்க்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் கைட் கிளப்பின் தலைவர் சுகுமாரன் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். மூட்டையை அவிழ்த்தார். துணி வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஹாலை நிறைத்துவிட்டு அடுப்படிக்குள் போனது. அக்கா ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத யாரு போடுறது?"

அன்றிலிருந்து இதுதான் தொழில். ஹால் சின்னது என்பதால் முழுப் பட்டத்தை ஒரே நேரத்தில் விரித்துப் பார்த்ததே கிடையாது. தையல் வேண்டிய பக்கம் மெஷினில், ஒரு பக்கம் சோபாவில், மீதி அக்காவின் கணவர் அப்துல் ரசாக்கின் மடியில். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துணி நகர நகர, கேட்காமலே காலைத் தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. கிழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் துணி வைப்பார். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடமாட்டார். மைலோ டின்னில் போட்டு மூடிவைப்பார். முன்னொரு காலத்தில் ஒரு பெண்மணி, 'நான் கொடுக்கும்போது இவ்வளவு பெரிய கிழிசல் இல்லை' என்று வாசலில் நின்று சண்டை பிடித்தாராம். சண்டைக்காரி வேறு ஊருக்குக் குடிபோய் எத்தனையோ வருடம் ஆகிறது. டின்கள் மட்டும் மூன்று நிரம்பிவிட்டன.

கிழிசலைப் பார்த்தே அது எப்படிக் கிழிந்தது என்று அக்கா சொல்லிவிடுவார். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்தக் கரையில் பட்டத்தைக் கிழிப்பது ஒன்றே ஒன்றுதான், தாழம்புதர். இலையின் இரண்டு ஓரத்திலும் முள், போதாதென்று முதுகிலும் முள். புதர் இரண்டு இடத்தில் இருக்கிறது. கடல் பக்கம், பட்டத்தைக் கிளப்புகிற இடத்துக்கு நடுவிலேயே ஒரு கூட்டம். ரோட்டுப் பக்கம் ஒரு நீள வரிசை. கிளப்பும்போது கடல் பக்கத்துப் புதரில் உரசினால் கத்தரி வைத்தது போல ஒரே நீளக் கீறல். ரோட்டுப் பக்கத்துக் கிழிசல் வேறு மாதிரி: ஒரே இடத்தில் ஏகப்பட்ட குத்து, நூல் பிரிந்து, துணி இழுபட்டு, உள்ளே ஒடிந்த முள்ளும் பச்சைக் கறையும் இருக்கும். கட்டுமீறிப் போன பட்டம் ஆளையும் இழுத்துக்கொண்டு வந்து புதரில் மோதி நின்றால்தான் அப்படிக் கிழியும்.

ஆனால் யாருடைய பட்டம் எப்படிக் கிழிந்தது என்று அக்கா வாயைத் திறக்கமாட்டார். "ஒருத்தவங்க இடுப்பளவ இன்னொருத்தவங்ககிட்ட சொன்னா அவ தையக்காரியே இல்ல" என்பது அவர் கட்சி. போன வருடம் சுகுமாரனின் ஆரஞ்சுப் பட்டம் வந்தது. அந்தக் கரையில் ஆரஞ்சு அவருடையது ஒன்றுதான். குத்துக் குத்தாகக் கிழிந்திருந்தது. சுகுமாரனின் முழங்கை இரண்டிலும் கட்டு. "அக்கா, யாராச்சும் கேட்டா ஸ்டோர்ல எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க லா" என்றார். அக்கா ஒடிந்த முட்களைப் பிடுங்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டே, "எலின்னா எலிதான்" என்றார்.

அந்தச் சுகுமாரன்தான் இந்த வருடம் காற்று பிடித்துக்கொண்டபோது மறுபடி வந்தார். இந்த முறை மூட்டை இல்லை, ஒரு கடிதம். கரையிலுள்ள புதரை மொத்தமாக எடுத்துவிடச் சொல்லிக் கிளப் மனுக் கொடுக்கப் போகிறதாம். நிலத்துக்குப் பொறுப்பானவர்கள், எழுத்தில் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்களாம்.

"புதர் இருந்தா ரொம்ப சுசா, கஷ்டம் அக்கா. மாசத்துக்கு எத்தன கைட் கிழியுது, உங்களுக்குத் தெரியாததா? மீட்டிங்ல வந்து நீங்களே சொல்லிட்டா எல்லாரும் சைன் வச்சிருவாங்க."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான். ரோட்டு வரைக்கும் கிளியர்."

அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சுகுமாரன் போனபிறகு அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. விஷயம் மிகவும் எளிது, அதுதான் தொந்தரவு. புதர் போனால் அக்காவின் பிழைப்பில் பெரும்பகுதி போகும். ஆனால் ரோட்டுப் பக்கத்து வரிசை போனால், அடுத்த முறை கட்டுமீறி வருகிறவர் நிற்க ஓர் இடம் இருக்காது. நேராகத் தார் ரோட்டுக்குத்தான் போவார். அந்த ரோட்டில் பகல் முழுக்கத் தொழிற்சாலை லோரிகள் ஓடுகின்றன. இதை அக்கா சொன்னால் வயிற்றுக்காகச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள். நினைத்தால் தப்பும் இல்லை. தன் வயிறு இதில் எவ்வளவு பேசுகிறது என்று அக்காவுக்கே தெரியவில்லை.

"நான் சொன்னா நம்புவாங்களா?" என்று கணவரிடம் கேட்டார்.

"மாட்டாங்க."

"சொல்லாம விட்டா?"

அப்துல் ரசாக் யோசித்தார். "சோறு ஆறுது, வா" என்றார்.

மறுநாள் அக்கா அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி அந்தக் கரைக்குப் போனார். ஆறு வருடத்தில் முதல் தடவை. கடலைப் பார்க்கவில்லை, நேராகப் புதரிடம் போய், துணிக்கடையில் துணியைப் பார்ப்பது போல இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து ஒரு முனையைக் கணவரிடம் கொடுத்தார். புதரிலிருந்து தார் ரோடு வரை டேப்பை நான்கு தடவை போட வேண்டியிருந்தது. கடைசித் தடவை ரசாக் ரோட்டோரத்தில் குனிந்திருக்கும்போது லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அப்போது தலைக்கு மேலே ஒரு பச்சைப் பட்டம் கிளம்பியது. முழுப் பட்டத்தை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தார். வலது மூலையில் தன் தையல் இருந்தது. கீழே நல்ல உடல்வாகுள்ள ஓர் ஆள் அந்தத் தையலை நம்பிக் கடலுக்குமேல் ஓர் ஆள் உயரம் எழும்பி இறங்கினார். அக்காவுக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் துணியைத் தைத்ததாகத்தான் நினைத்திருந்தார்.

"என்னா பாக்குற?" என்றார் ரசாக்.

"நூல் நெறம் ஒத்துப்போகல" என்றார் அக்கா.

மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரைக்குப் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையில். நான்கு மேசையைச் சேர்த்துப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் ஒரு சுற்று வந்துவிட்டிருந்தது. தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "தைக்கிறவங்களே வந்திருக்காங்க, அவங்க வாயாலயே கேட்டுருவோம்" என்று சுகுமாரன் உற்சாகமாக எழுந்து இடம் கொடுத்தார்.

அக்கா உட்காரவில்லை. கையில் இரண்டு பிளாஸ்டிக் பை. முதல் பையை மேசையில் கவிழ்த்தார். சதுரச் சதுரமாக வெட்டிய துண்டுகள், எல்லா நிறத்திலும், குவியலாக விழுந்தன. தே தாரேக் டீ கிளாஸ்களை அவசரமாக நகர்த்தினார்கள்.

"இதெல்லாம் நீளக் கீறல். கடல் பக்கத்துப் புதரு. கெளப்பும்போது ஒரசினது. அந்தப் புதர எடுத்துருங்க. அதால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, என்னையத் தவிர."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாரன் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அக்கா இரண்டாவது பையைக் கவிழ்த்தார். இதில் கொஞ்சம்தான் இருந்தது. நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை என்று விழுந்து, கடைசியாக ஆரஞ்சில் ஒன்று விழுந்தது. விழுந்த வேகத்திலேயே அக்காவின் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது. கையை எடுக்காமலே மற்ற எட்டையும் ஒரு விரலால் வரிசையாக வைத்தார்.

"இது ரோட்டுப் பக்கம். எட்டு இருக்கு. ஒரசினது இல்ல, வந்து மோதி நின்னது. இந்த எட்டுப் பேரும் முள்ளுலதான் நின்னாங்க. புதருக்கும் தார் ரோட்டுக்கும் நாலு டேப்புதான், அளந்துட்டேன். அந்த வரிசையத் தொடாதீங்க."

நீலத் துண்டுக்கு எதிரே இருந்தவர் கிளாஸுக்குள் பார்த்தார். மஞ்சள் துண்டுக்குச் சொந்தக்காரர் எழுந்துபோய்க் கை கழுவினார். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் அப்படி இழுபட்டுப் போய்ப் புதரில் விழுந்ததாக நினைத்து, வெட்கப்பட்டு, முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். இப்போது எட்டுத் துண்டு கண்ணெதிரே கிடக்கிறது, என்னுடையது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. யாருடையது என்று அக்காவும் சொல்லப் போவதில்லை.

ஃபிக்ரிதான் வாயைத் திறந்தார். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி, இந்தக் கரைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவருடைய துண்டு எந்தக் குவியலிலும் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. புதர் இருந்தாத்தான் உங்களுக்கு வேல. அப்போ நீங்க சொல்றத நாங்க எப்படி எடுத்துக்கிறது?"

"எடுத்துக்காதீங்க தம்பி" என்றார் அக்கா. "எனக்கு வேல வேணும்தான். அதனால நான் சொல்றத நம்பாதீங்க. துணியப் பாருங்க."

"துணியில பேரு இல்லையே. நெசமாவே இழுத்துட்டுப் போச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்லா."

கடைக்காரர் ரொட்டி சானாய் யாருக்கு என்று இரண்டு முறை கேட்டார். அக்காவின் கை மேசைமேல் அப்படியே விரித்தபடி இருந்தது. நின்றே இருந்ததால் கால் வலித்தது.

சுகுமாரன் கடிதத்தைப் பார்த்தார், தன் பெயருக்கு மேலே இருந்த காலி இடத்தைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் நூலளவுக்கு ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எட்டு இல்ல அக்கா" என்றார். "ஒம்போது."

அக்கா கையை எடுத்தார்.