பூட்டண்ணன் காத்த கோட்டை

அவருடைய கடையில் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றதுண்டு. கொடுத்த அதே கைப்பேசிதானா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒருத்தருடைய திரை, இன்னொருத்தருடைய பேட்டரி, யாரோ ஒரு புண்ணியவானின் பின்மூடி என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டுக்குடும்பமாகத்தான் வெளியே வரும். திருகாணிகள் தேநீர்க் கோப்பையின் தட்டில் கிடக்கும். தேநீர் வந்துவிட்டால் தரையில் கிடக்கும். இடுக்கியைக் காணோம் என்று அவர் மேஜைக்கடியில் குனிந்து தேடும்போது, "அண்ணே, காதுல சொருகியிருக்கீங்க" என்று வாடிக்கையாளர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். "இவருகிட்ட உப்பை எடுத்து வைங்கன்னு சொன்னா சக்கரையும் சேர்ந்து காணாமப் போகும்" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. சொல்லும்போது அந்த அம்மாள் குரலில் கோபம் இருக்காது. கோபத்தையும் எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

இப்படிப்பட்டவர்தான், பல ஊர் ஆட்கள் கணினியில் கூடி விளையாடும் ஒரு சண்டை ஆட்டத்தில், பொருள் காப்பதில் ஈடிணையில்லாதவர் என்று பெயர் எடுத்தார்.

இழுத்துக்கொண்டு போனவன் மச்சினன். வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்தவன், வேலை கிடைத்த பிறகும் போகாமல், அடுத்த அறையில் நிலைத்துவிட்டவன். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வேதாந்தமில்லை. கூட்டமாகச் சேர்ந்து கோட்டை கட்ட வேண்டும். காட்டிலும் பாழடைந்த ஊர்களிலும் சுற்றித் துப்பாக்கி, மருந்து, கவசம் என்று அகப்பட்டதை அள்ளிவர வேண்டும். அள்ளியதற்கு லூட் என்று பெயர். இன்னொரு கூட்டம் கோட்டையை உடைத்து அதை அள்ளிக்கொண்டு போகும். செத்தவர்கள் வெறுங்கையோடு மறுபடி பிறப்பார்கள். மனித வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான், மறுபடி பிறக்கும் வசதி தவிர.

முதல் சண்டையிலேயே அவர் தன் காலைத் தானே சுட்டுக்கொண்டார். இரண்டாவது சண்டையில் மச்சினனின் காலைச் சுட்டார். கூட்டத்துக்குத் தலைமை ஒரு பல் டாக்டரம்மா. பகலெல்லாம் "கொஞ்சம் வாயைத் திறங்க, வலிக்காது" என்று கொஞ்சுகிற அந்தம்மா ஆட்டத்தில் யாரையும் வாயைத் திறக்க விடமாட்டார். "நீங்க ஒரு ஓரமா உக்காந்து பெட்டியைப் பாத்துக்கங்க, போதும்" என்றார். சொன்னது வசவு. இவர் அதைப் பதவி நியமனமாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்தக் கோட்டையின் கிடங்கைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர்ப்பலகை. தோட்டாக்கள் துப்பாக்கிவாரியாக, கவசங்கள் நிறவாரியாக. கயிறுகளை நீளவாரியாகவும் அடுக்கப் பார்த்தார். ஆட்டத்தில் கயிறு ஒரே நீளம்தான் என்பதால் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கிடங்குக் கதவின் பூட்டு எண் அவருக்கு மட்டுமே தெரியும். எல்லோரும் பூட்டண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில் யாரும் அவரை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே போன பொருள் வெளியே வராது.

கூட்டத்தில் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் இருந்தார். நிஜத்தில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவர். ஆட்டத்தில் தன்னுடையதைக்கூடக் காப்பாற்றத் தெரியாது.

"பூட்டண்ணே, ரெண்டு பேண்டேஜ் குடுங்க."

"எதுக்கு?"

"ரத்தம் கொட்டுதுண்ணே!"

"எவ்வளவு கொட்டுது? ஒண்ணு பத்தாதா?"

"உயிர் போகுதுங்கிறேன், பேரம் பேசுறீங்க!"

"பெட்டி இப்பத்தான் நிரம்பியிருக்கு தம்பி. ரெண்டை எடுத்தா வரிசையில பல்லு விழுந்த மாதிரி இருக்கும்."

"பல்லு விழுந்தா நான் பாத்துக்கறேன், குடுத்துத் தொலைங்க!" என்று டாக்டரம்மா கத்தி முடிப்பதற்குள் டிரைவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

இந்த நிலையில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரம் பார்த்து, கழுகு என்கிற எதிரியும் அவன் ஆட்களும் கோட்டையைத் தாக்கினார்கள். வெளிச்சுவர் பெயர்ந்தது.

"பூட்டண்ணே, ராக்கெட்டை எடுங்க!" டாக்டரம்மாவின் குரல்.

"அது முழு செட்டும்மா. ஒண்ணை எடுத்தாலும் செட்டு உடைஞ்சிடும்."

"கோட்டையே உடையுதுய்யா!"

"மாமா, கதவைத் திறங்க மாமா!" மச்சினன் ஆட்டத்துக்குள் கிடங்குக் கதவையும், வெளியே பலகைச் சுவரையும் ஒரே நேரத்தில் தட்டினான்.

அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடிப்பதற்குள் டாக்டரம்மா, டிரைவர், மச்சினன் எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள். ஒரு ராக்கெட்கூடச் செலவாகாமல் கோட்டை பிடிபட்டது. கிடங்கின் கதவைக் கழுகு வெடிவைத்துத் திறந்தான். உள்ளே பூட்டண்ணன் நிராயுதபாணியாக நின்றார். துப்பாக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டுமே என்று அவர் வைத்துக்கொள்வதில்லை.

அந்த ஆட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் எதிரியே ஆனாலும் பேசினால் கேட்கும். கழுகின் குரல் தேனாக இருந்தது. பிழைப்புக்கு அவன் ஏதோ நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்கிறவன், பழக்கம் போகவில்லை.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் சார். இதையெல்லாம் யாரு அடுக்கினது?"

"நான்தான்."

"கையெடுத்துக் கும்பிடணும் சார். எத்தனையோ கோட்டையில கொள்ளையடிச்சிருக்கோம். இவ்வளவு சௌகரியமா எங்கேயும் அடிச்சதில்லை."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவருடைய வேலையைப் பாராட்டுகிறார். "நன்றி தம்பி" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கழுகின் ஆட்கள் கையில் வந்ததைக் கையில் வந்த பைக்குள் திணிப்பதைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, தம்பி! மருந்தையும் தோட்டாவையும் ஒரே பையில போடாதீங்க. கவசத்தை அடியில வைங்க. அந்தச் சிவப்புப் பெட்டியை விட்டுட்டீங்க பாருங்க, பின்னாடி."

ஆட்டத்தில் எதன்மேல் எதை வைத்தாலும் எதுவும் நசுங்காது. அது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது, தன் கூட்டத்துக்கான ஒலிவாங்கி திறந்தே இருந்ததும், செத்தவர்கள் எல்லோரும் வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததும்.

விசாரணை அன்று மாலையே நடந்தது.

"கொள்ளைக்காரனுக்கு மூட்டை கட்டிக் குடுத்திருக்கீங்க!" என்றார் டாக்டரம்மா.

"கட்டிக் குடுக்கலைம்மா. எப்படிக் கட்டணும்னு சொன்னேன்."

தீர்ப்பில் இரக்கமில்லை. பெட்டிப் பக்கம் அவர் போகக்கூடாது. துப்பாக்கி எடுத்துச் சண்டைக்கு வர வேண்டும். கிடங்குப் பொறுப்பு டிரைவருக்குப் போனது. அவர் ஒரே ஒரு பெரிய பெட்டியைச் செய்து எல்லாவற்றையும் அதில் கொட்டினார். மீனுக்கு மேல் தோட்டா, தோட்டாவுக்கு மேல் காலணி. பூட்டண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தார். கடையில் மறுநாள் ஒரு கைப்பேசியை அவர் பிரித்த வேகத்தில் அதன் சொந்தக்காரருக்குக் கண் கலங்கியது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"வேலை போன மாதிரி உக்காந்திருக்கீங்களே, கடை அப்படியேதானே இருக்கு?" என்றார் மனைவி.

"கடை கிடக்கு விடு" என்றார் அவர்.

மூன்றாவது நாள் கழுகிடமிருந்து அழைப்பு வந்தது. அவரிடமிருந்து எடுத்த பொருளோடு தங்கள் பொருளும் சேர்ந்து மலையாகக் குவிந்திருப்பதாகவும், அண்ணன் வந்து பொறுப்பேற்றால் நன்றியோடு இருப்போம் என்றும் செய்தி. பலகைச் சுவர் வழியே மச்சினனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் ஓடிவந்தான்.

"மாமா, எதிரிகிட்டப் போறேன்னு சொல்லாதீங்க. டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். பெட்டியைத் திருப்பித் தர்றாங்க. ஒரே நிபந்தனை. சண்டையில யாரு எதைக் கேட்டாலும், எதுக்குன்னு கேக்காம எடுத்துக் குடுக்கணும்."

அவர் கண்ணை மூடி நேர்மையாகவே யோசித்தார். யாரோ கேட்கிறார்கள், தான் பெட்டியைத் திறக்கிறார், கையை நீட்டுகிறார். கற்பனையிலேயே கை பாதியில் நின்றது.

"முடியாது மாப்ள."

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க மாமா. அந்தப் பக்கம் போனீங்கன்னா நான் உங்களைச் சுட வேண்டியிருக்கும்."

"சுட்டுக்க. ஆனா பெட்டி மேல படாம சுடு."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, "என்னைப் பாக்காதே. கட்டிக்கிட்ட நானே அவரை மாத்தல" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கழுகின் கோட்டைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரைவரை குப்பை. வெடிகுண்டுகளுக்கு நடுவே காய்கறி, கவசத்துக்குள் ஆணி, அவருடைய ராக்கெட்டுகள் படிக்கட்டில் உருண்டு கிடந்தன. ஒரு மனிதனின் மிச்ச வாழ்நாளுக்கும் போதுமான குளறுபடி. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கலாம் சார்?" என்றான் கழுகு பணிவாக.

"மொத்தத்தையும் முதல்ல ஒரே இடத்துக்குக் கொண்டு வரணும். கையில வச்சிருக்கிறதையும் குடுங்க. துப்பாக்கி, தோட்டா, கவசம், எல்லாம். பிரிச்சு அடுக்கிட்டுத் தர்றேன்."

கழுகும் அவன் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து ஆயுதங்களை அவர் காலடியில் வைத்தார்கள்.

சுவரின் அந்தப் பக்கம் மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொன்னான்: "அம்மா, எல்லார்கிட்டேருந்தும் துப்பாக்கியை வாங்கிட்டாரு. கவசத்தையும் கழட்டச் சொல்றாரு."



"இந்த மனுஷனை இத்தனை நாள் நம்ம பக்கம் வச்சிருந்தோமே!" என்றார் டாக்டரம்மா. "கிளம்புங்க, இப்பவே."

அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பலகைக்கு அப்பால் மாமா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவன் கை தயங்கியது. வாசலில் அக்கா, மடித்த துணியோடு நின்றாள்.

"என்னடா, போய் அவங்களை அடிக்கப் போறீங்களா?"

"ஆமாக்கா."

அவள் சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஒரு அரை மணி நேரம் பொறுத்துப் போங்கடா. மனுஷன் அடுக்கி முடிச்சிடட்டும். உங்களுக்கும் அள்ள வசதியா இருக்கும்."